ஆட்டோமேட்டிக் என்று மட்டும் கேட்டு வண்டி வாங்கினேன்

2021 நவம்பர் மழையில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்ததில் என் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து டாக்டர் சொன்னார்: "கார் ஓட்டலாம்மா. ஆனா கிண்டி டிராஃபிக்ல ஒரு மணி நேரம் கிளட்ச்ச மிதிச்சிட்டே இருக்கிற வேலை மட்டும் வேணாம்." எனக்கு வீடு குரோம்பேட்டை, வேலை கிண்டி. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், மகள் அப்போது ஏழாம் வகுப்பு. கார் வேண்டும், அது ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டும், கையில் இருக்கும் காசுக்குப் பழையதுதான் வாங்க முடியும் என்று மூன்றும் ஒரே நாளில் முடிவாகிவிட்டன. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. மேனுவல் என்றால் கிளட்ச் உண்டு, ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் கிடையாது, இரண்டு வகைதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய்.

சுற்றி இருந்தவர்களும் அதே இரண்டு வகையில்தான் பேசினார்கள். என் தம்பி, "மேனுவலே வாங்குக்கா, எந்த ஊர்ல நின்னாலும் மெக்கானிக் கிடைப்பான்" என்றான். பக்கத்து வீட்டுப் பெரியவர், "லேடீஸுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி" என்றார். இரண்டாவது பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நான் மேனுவலில் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கியவள், திண்டிவனம் வரை ஓட்டிப் போயிருக்கிறேன். முழங்கால்தான் காரணமே தவிர நான் பெண் என்பது அல்ல. ஆனால் அந்த எரிச்சலிலேயே தம்பி சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

2023 ஆகஸ்டில் ஒரு பழைய கார் கடையில் 2017 மாடல் வண்டி ஒன்றைப் பார்த்தேன். வெள்ளை நிறம், 52,310 கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர் மேடம், டாக்டர் ஓட்டின வண்டி, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். நான் போய்ச் சேரும்போதே எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைக் குளிரவைத்து நிறுத்தியிருந்தார். எவ்வளவு மரியாதை என்று அன்று மகிழ்ந்தேன். கடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலி, வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. விலை 5,10,000. சேமிப்பு போக 2,50,000 கடன். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 28,000. "கியர்பாக்ஸுக்கு ஆறு மாசம் நான் கேரண்டி" என்று வாயால் சொன்னார். டெலிவரி நோட்டில் "ஓட்டிப் பார்த்து, திருப்தியடைந்து, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. தீபாவளிக்கு முன்பிருந்தே, நெரிசலில் ஊர்ந்து போகும்போது முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு சின்னக் குலுக்கல். யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டுவது போல இருக்கும். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் இருக்கும் மேடம், பழகிடும்" என்றார். எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆட்டோமேட்டிக் தெரியாது, அதனால் நம்பினேன். டிசம்பரில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி, ஒன்றரை நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஜனவரி மாதம் ஒரு மாலை ஆறே முக்கால் மணிக்கு, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது, டேஷ்போர்டில் கியர் எழுத்து மினுக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. பின்பக்கமாக மெல்ல உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் இன்னும் காதில் கேட்கிறது. மகள் பின் சீட்டில் பாட்டு கிளாஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நம்ம ஏன் நிக்கிறோம்?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு வறண்டுபோய்ப் பதில் வரவில்லை.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து நான்கு பேரைக் கூட்டி ஓரமாகத் தள்ள உதவினார். அப்போதும் எனக்கு ஒன்று தெரியவில்லை: லீவர் பி-யில், அதாவது பார்க்கிங் நிலையில் இருந்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், எத்தனை பேர் தள்ளினாலும் நகராது. நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். சாவியைப் போட்டும் லீவர் வரவில்லை என்றால், பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மூடியைத் திறந்து உள்ளே அழுத்தினால் பூட்டு விடுபடும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வந்த முதல் மீட்பு வண்டிக்காரர் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். முன்சக்கரம் இயங்கும் ஆட்டோமேட்டிக் வண்டியை அந்தச் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகக் கூடாது, கியர்பாக்ஸ் இன்னும் கெடும். முழு வண்டியையும் மேலே ஏற்றும் தட்டு லாரிதான் வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தேன், 4,500 ரூபாய் ஆனது. அந்த இரவில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அதையும் சொன்னவர் பக்கத்தில் நின்ற ஓர் ஆட்டோ டிரைவர்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கணினியில் சோதித்தார்கள். இரண்டு நாள் கழித்து மதிப்பீடு வந்தது: கியரை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பாகத்தையும் கிளட்ச் தொகுதியையும் மாற்ற 2,60,000. வாங்கிய விலையில் பாதி. அந்த வாட்ஸ்அப் செய்தியை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பிறகு இன்சூரன்ஸ் நினைவு வந்து கொஞ்சம் தெம்பு வந்தது. கூடுதலாக 3,200 கட்டி எஞ்சின், கியர்பாக்ஸ் பாதுகாப்பு எடுத்திருந்தேன். மறுத்துவிட்டார்கள். அந்தப் பாதுகாப்பு வெள்ளநீர் புகுந்தாலோ, அடியில் இடித்து எண்ணெய் ஒழுகினாலோ ஏற்படும் சேதத்துக்குத்தான். தேய்மானத்துக்கும் தானாகக் கெட்டுப்போவதற்கும் எந்தச் சாதாரண மோட்டார் பாலிசியிலும் காசு வராது. பாலிசியில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் பெயரை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். கடைக்காரரிடம் கேரண்டியைப் பற்றிக் கேட்டபோது, "எழுதிக் கொடுத்திருக்கேனா மேடம்?" என்றார். அவர் சொன்னதை அன்றே நானாவது ஒரு செய்தியாகத் தட்டி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று அனுப்பிப் பதில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

சென்னையின் பாடி பகுதியில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறை இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். அந்த மெக்கானிக் கழற்றிய பாகத்தை மேசையில் வைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினிய உடல், அதில் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் குப்பி திருகியிருக்கும் இடத்தைச் சுற்றி முடி போல ஒரு விரிசல். விரல் நகத்தால் தடவினால்தான் தட்டுப்பட்டது. "இதுல அழுத்தம் நிக்கல, அதான் கிளட்ச் புடிக்கல" என்றார். புதுப்பேட்டையில் பழைய யூனிட் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் இந்த வண்டியின் கணினியோடு அதைப் பொருத்தி எழுத வேண்டும், அதன் ஆயுளும் யாருக்கும் தெரியாது, வேண்டாம் என்று தடுத்தார். உடலை மாற்றி, கிளட்ச் தொகுதியும் மாற்றி, கணினியில் மறுபடி பழக்கி விட 98,000 வாங்கினார். ஏழு வாரம் ஆனது. அதுவரை ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் 21,000 போனது.

அவர் இன்னொன்றும் காட்டினார். சர்வீஸ் சென்டரில் முதல் நாள் எடுத்த சோதனை அறிக்கையில், வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறிகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் 3,580 கிலோமீட்டர் என்று ஒரு வரி. நான் வாங்கியதிலிருந்து ஓட்டியது 3,560. அதாவது என்னிடம் வருவதற்கு 20 கிலோமீட்டர் முன்பு யாரோ அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் இந்தக் கணக்கு பூஜ்ஜியமாகும், ஆகவே இதை வைத்து யார் மீதும் நான் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் வாங்குவதற்கு முன் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுத்து அந்தக் குறிகளைப் படிக்கும் ஒரு ஸ்கேனர் மாட்டிப் பார்த்திருந்தால் இந்த வரி அன்றே கண்ணில் பட்டிருக்கும். "ஏன் இப்பதான் அழிச்சிருக்கு?" என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகும் இடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஸ்கேனர் மாட்ட விடாத கடையில் வண்டி வாங்காதீர்கள்.

பாடிப் பட்டறை மெக்கானிக்கிடம் ஏழு வாரம் போய் வந்ததில் நான் கற்றதைச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் நான்கு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஏஎம்டி என்பது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்ச் பிளேட் உள்ளே இருக்கிறது, நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி அதை அழுத்துகிறது, அவ்வளவுதான். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தது, அதன் பிறகுதான் குறைந்த விலைக் கார்களில் ஆட்டோமேட்டிக் பரவியது. கியர் மாறும்போது தலையாட்டும், அது அதன் இயல்பு. மேனுவல் போலவே இதிலும் கிளட்ச் தேயும். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர் கையில் இருந்திருந்தால் சீக்கிரம் தேய்ந்திருக்கும். ஆனால் கெட்டால் செலவு தாங்கக்கூடியது. சிவிடி-யில் கியர்களே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. நெரிசலில் அதைப் போல மென்மையானது வேறில்லை. அதற்கென்றே உள்ள எண்ணெயைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். எஞ்சினின் விசையைக் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் மூத்தது. மைலேஜ் கொஞ்சம் குறைவு, பழைய நாலு கியர் பெட்டிகள் நெடுஞ்சாலையில் இரையும், ஆனால் உழைக்கும். நான் வாங்கியது நான்காவது வகை, இரட்டைக் கிளட்ச்: ஒன்று, மூன்று போன்ற கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரண்டு, நான்கு போன்றவற்றுக்கு இன்னொன்று. அதிலும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நெடுஞ்சாலையில் அதன் வேகமும் சுகமும் தனி. ஆனால் கிண்டியில் அடி அடியாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசி உரசிச் சூடேறுகிறது. என் தேவைக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாத வகை அது. வண்டி மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் தினம் ஊர்கிறவளுக்கு, வாரண்டி முடிந்த பிறகு, கைவசம் ஒரு லட்சம் தனியாக இல்லாமல், அது சரியான வண்டி அல்ல.

பெயரை நம்பி ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பலேனோ ஆட்டோமேட்டிக் என்று விளம்பரம் பார்த்தால், 2022-க்கு முந்தையது சிவிடி, அந்த ஆண்டு புது வடிவம் வந்த பிறகு ஏஎம்டி. எர்டிகாவில் அதே 2022 வரை நாலு கியர் டார்க் கன்வர்ட்டர், பிறகு ஆறு கியர். ஹோண்டா சிட்டியில் 2014-க்கு முந்தைய தலைமுறையில் டார்க் கன்வர்ட்டர், அந்த ஆண்டு வந்த தலைமுறையிலிருந்து சிவிடி. ஒரே பெயர்ப்பலகை, உள்ளே வேறு வேறு பெட்டி. "ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல், "எந்த வருஷம், உள்ளே எந்த கியர்பாக்ஸ்?" என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால், அவர் அதைப் பராமரித்திருக்கவும் வாய்ப்பில்லை.

மேனுவலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் முழங்கால் நன்றாக இருந்திருந்தால், ஐந்து லட்சத்துக்குள் பழைய வண்டி என்றால் மேனுவல்தான் வாங்கியிருப்பேன். தம்பியின் சிறிய காருக்குக் கிளட்ச் முழுதும் மாற்ற 9,000 ஆனது, விழுப்புரத்தில், ஒரே நாளில். சோதிப்பதும் சுலபம்: நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாரம் ஒருமுறை ஊருக்குப் போய் வருவதுதான் வேலை என்றால் ஆட்டோமேட்டிக்குக்கு அதிகமாகக் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பழுது பார்த்த பிறகும் எனக்கு அந்த வண்டியில் ஏறினாலே வயிற்றைக் கலக்கியது. மேம்பாலம் வந்தால் கை வியர்த்துவிடும். 2024 ஜூனில் விற்றேன். எல்லாப் பில்லையும், விரிசல் விட்ட பாகத்தின் போட்டோவையும் காட்டியே விற்றேன்; 3,70,000 கிடைத்தது. மறைத்திருந்தால் ஐம்பதாயிரம் கூடக் கிடைத்திருக்கும் என்று கணவர் போனில் சொன்னார். இன்னொரு பெண் கத்திப்பாராவில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. விலையில் இறங்கியது 1,40,000, பழுது 98,000, பதிவும் இன்சூரன்ஸும் 28,000, மீதி லாரி, சோதனை, வாடகை வண்டி. கூட்டினால் 2,94,000. கடன் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இரண்டாவது முறை மூன்று மாதம் தேடினேன். ஒன்பது வண்டி பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் முதல்நாளே, "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவைத்தேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவேன். கியர்பாக்ஸின் குறைகள் பல ஆறிய நிலையில்தான் வெளியே தெரியும், சில நன்றாகச் சூடேறிய பிறகு. அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி முன்னே போகும் டி-யிலிருந்து ரிவர்ஸுக்கான ஆர், ஆர்-லிருந்து டி என்று ஐந்து முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இடி சத்தம் வருகிறதா என்று கவனித்தேன். பிறகு காலிச் சாலைக்குப் போகாமல் வேண்டுமென்றே மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தேன். கடைசியாக ஒரு மாலின் கீழ்த்தள பார்க்கிங் சரிவில் ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, முன்னாலும் எடுத்தேன், ரிவர்ஸிலும் ஏற்றினேன். எட்டு வண்டிகள் இதில் எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுத்தன. ஒரு ஏஎம்டி வண்டி அந்தச் சரிவில் நடுங்கியதோடு கருகிய வாடையும் விட்டது. விற்கிறவர் கூடவே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறியது, அவருக்கும் அது புதுச் செய்தி என்று தோன்றியது.

ஒன்பதாவது வண்டி 2016 கிராண்ட் ஐ10, நாலு கியர் டார்க் கன்வர்ட்டர். நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை வைத்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சர்வீஸ் பில் அடங்கிய ஃபைலை எடுத்து வந்து வைத்தார், கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில் உட்பட. பாடிப் பட்டறை மெக்கானிக்கை 1,500 கொடுத்து அழைத்துப் போயிருந்தேன். கியர்பாக்ஸ் எண்ணெயில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார்: சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, கறுப்பு இல்லை, கருகல் வாடை இல்லை. "எடுத்துக்கங்க மேடம்" என்றார். 3,85,000. நகருக்குள் லிட்டருக்குப் பத்து, பதினொன்றுதான் தருகிறது. மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, தெரிந்தேதான் கொடுக்கிறேன். ஆசிரியை சாவியைக் கொடுக்கும்போது, "சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னா நியூட்ரல்ல போட்டுக்கோம்மா, நான் அப்படித்தான் ஓட்டுனேன்" என்று சொன்னார். அவர் எழுதி வைத்திருந்த சர்வீஸ் நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருடைய கையெழுத்துக்குக் கீழே, அடுத்த வரியிலிருந்து நான் எழுதி வருகிறேன்.